என் ரத்தம், அவன் பெயர்

எங்கள் தெருவில் ஒரு ஆள் காலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு மோரில் கீழாநெல்லி அரைத்துக் குடித்தால், அவனுக்குக் கப்பலில் இருந்து அழைப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். தூத்துக்குடியில் கப்பலுக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கும் தெரு அது. கப்பல் ஏறுவதற்கு முன்னால் மெடிக்கல் எடுக்க வேண்டும். கண், காது, எக்ஸ்ரே எதற்கும் அவர்கள் பயப்பட மாட்டார்கள். ரத்தப் பரிசோதனைத் தாளில் ஈரலுக்கென்று நாலைந்து வரி இருக்கும், அதற்குத்தான் நடுங்குவார்கள். கரையில் இருந்த மாதங்களில் எவ்வளவு உள்ளே போயிற்று என்பதை அந்த வரிகள் கம்பெனிக்குப் போட்டுக் கொடுத்துவிடும் என்பது தெருவின் நம்பிக்கை. ஆகவே இரண்டு வாரம் பாட்டிலைத் தொட மாட்டார்கள், பொரித்த மீனைத் தொட மாட்டார்கள். கீழாநெல்லியைத் தேடி ஆத்தூர்ப் பக்கம் வயல் வரப்பு வரைக்கும் பைக்கில் போய் வருவார்கள்.

நான் இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற ஆள். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. கிடையாது என்பதை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கும் பழக்கமும் கிடையாது. துறைமுகச் சாலையில் ஒரு எடைமேடையில் வேலை பார்க்கிறேன். உப்பு லாரி மேடையில் ஏறி நிற்கும், கம்ப்யூட்டர் எடையைக் காட்டும், நான் சீட்டு அடித்துக் கொடுப்பேன். சரக்கோடு இரண்டு ஆட்களையும் உள்ளே படுக்க வைத்து எடை போடுகிறவன், பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே நைசாக நிறுத்துகிறவன், எல்லோரையும் ஜன்னலில் இருந்தபடியே பிடித்துவிடுவேன். பிடித்ததும் சும்மாவும் விட மாட்டேன். அவன் ஊர் போய்ச் சேரும்வரை காதில் ஒலிக்கும்படி திட்டித்தான் அனுப்புவேன்.

என் தங்கச்சியின் புருஷன் கப்பல்காரன். பள்ளியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவர்கள் கீழ்வீட்டில் இருக்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்ளாத நான் மாடியில். சாப்பாடு அவள் குசினியில்தான். அம்மா போனபோது நான் பத்தாம் வகுப்பு, அவள் ஒன்றாம் வகுப்பு. அதன் பிறகு அப்பாவும் அதிக காலம் இருக்கவில்லை. அவளுக்குத் தலை பின்னிவிட்டவனே நான்தான் என்பதால், அவள் சோறு போடுவதை நான் ஒரு உரிமையாகவே வைத்திருந்தேன்.

போன முறை மெடிக்கலில் மாப்பிள்ளைக்கு ஜி.ஜி.டி. என்ற வரியில் எண் கொஞ்சம் ஏறி இருந்தது. குடியைக் குறைக்கச் சொல்லி எச்சரித்துத்தான் அனுப்பினார்கள். இந்த முறை பதினோரு மாதம் கரையில் கிடந்தான். மாதா கோவில் திருவிழா பத்து நாளும் நன்றாகக் குடித்து ஆடித் தீர்த்தான். கொடி இறக்கிய மறுநாளே கம்பெனியில் இருந்து போன் வந்தது. நாலாம் நாள் மெடிக்கல் என்றார்கள். கீழாநெல்லிக்கு நேரமில்லை. தங்கச்சி அவனிடம் சோற்றுக் கரண்டியை நீட்டிக்கொண்டு சொன்னாள்.

"இந்த மட்டம் ரத்தத்துல ஏதாவது வந்துச்சு, நான் பெட்டியக் கட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

அண்ணன் வீடு என்பது பதினாறு படிக்கட்டு மேலே. ஆனாலும் அவன் பயந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் மாடிக்கு வந்தான். கொஞ்ச நேரம் கடல் காற்று, மழை என்று ஏதேதோ பேசினான்.

"மச்சான், உன் ரத்தம் சுத்தமான ரத்தம்லா."

"அதுக்கு?"

"எனக்கு ஒரு சிரிஞ்சு குடேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ரத்தம் எடுக்கும் அறையில் அவன் பெயரைக் கூப்பிடும்போது நான் எழுந்து போய்க் கையை நீட்ட வேண்டுமாம். கண், காது எல்லாம் அவனே பார்த்துக்கொள்வானாம்.

"மாட்டிக்கிடுவோம்லே."

"அங்கன மூஞ்சிய எவன் பாக்கான்? கையத்தான் பாக்கான். எத்தனையோ பேரு செஞ்சிருக்கான், மச்சான்."

பத்து நிமிஷம் அவனைத் திட்டினேன். லாரிக்காரர்களைத் திட்டும் அதே வார்த்தைகள்தான். திட்டி முடித்துவிட்டு, சரி வாரேன் என்றேன். தங்கச்சிக்காகத்தான் ஒத்துக்கொண்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல. சுத்தமான ரத்தம் என்று அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மெடிக்கல் எடுக்கும் கிளினிக்கில் அன்று நல்ல கூட்டம். மாப்பிள்ளை கண் பரிசோதனையை முடித்துவிட்டு, எக்ஸ்ரே அறை வாசலில் நின்றபடி எனக்குக் கண்ணைக் காட்டினான். அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். ரத்தம் எடுக்கும் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை.

"வெறும் வயிறா?"

"ஆமா."

"பேரு?"

அவன் பெயரைச் சொன்னேன். குழாயில் அதை எழுதி ஒட்டினாள். என் ரத்தம் அவன் பெயருக்குள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இதுவரை பிடித்த டிரைவர்கள் எல்லாம் அந்த அறைக்குள் வந்து வரிசையாக நிற்பது போல இருந்தது. வெளியே வந்து இரண்டு பேரும் ஆப்பம் தின்றோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

மூன்றாம் நாள் தாள் வந்தது. நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி அதை வாசலில் நின்றே படித்தாள், படித்துக்கொண்டே குசினிக்குள் வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, ஈரல் வரியில எஸ்.ஜி.பி.டி. நாப்பதுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு. நாநூத்தி எண்பத்தாறு இருக்கு. தகுதி இல்லன்னு எழுதிட்டாங்க. பீப்பாயோடயா குடிச்சாங்க?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் தாளைப் பார்த்தேன். எண் அடித்திருந்த மை கொஞ்சம் கலங்கி இருந்தது, நாற்பத்தெட்டுதான் அப்படித் தெரிகிறதோ என்று பார்த்தேன். இல்லை. நாநூற்று எண்பத்தாறேதான். கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். அவள் அழுதுகொண்டே புருஷனைப் பேசினாள். பேசக் கூடாத வார்த்தை வரைக்கும் பேசினாள். அவன் ஒரு பதிலும் சொல்லவில்லை. என் வாயும் திறக்கவில்லை.

அவள் கோவிலுக்குப் போன நேரம் பார்த்து அவன் மாடிக்கு ஏறி வந்தான்.

"மச்சான், மறைக்காமச் சொல்லு. நீ ஒளிச்சுக் குடிக்கியா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "மாதா சத்தியமா இல்லலே. ஒரு மொடக்கு கெடையாது."

"அப்ப இது என்னது?"

"லேபுல குழாய மாத்திட்டானுவ. இவனுவள நம்பி எவன் உயிர ஒப்படைப்பான்?"

குழாயை மாற்றியவனே நான்தான் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நாளைக்கு இரண்டு பேரும் அவரவர் பெயரில் வேறு லேபில் ரத்தம் கொடுப்போம் என்றான். கொடுத்தோம்.

சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று இரண்டு தாள்களையும் பிரித்தோம். அவனுடைய எஸ்.ஜி.பி.டி. முப்பத்தாறு. ஜி.ஜி.டி. மட்டும் எல்லையை லேசாகத் தாண்டி இருந்தது. தன் ரத்தத்தையே கொடுத்திருந்தால் அவனை ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள். என்னுடையது ஐந்நூற்று இரண்டு. பத்து நாள் திருவிழா கொண்டாடியவனுக்கு முப்பத்தாறு, பச்சைத் தண்ணீரும் டீயும் குடித்து வளர்ந்த எனக்கு ஐந்நூற்று இரண்டு! என்ன நியாயம் இது என்று நடுரோட்டில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அவன் என் கையைப் பிடித்துக் கடை பெஞ்சில் உட்கார வைத்தான்.

ஒரு வருஷமாகவே எனக்கு அசதி இருந்தது. மத்தியானம் லாரிகளுக்கு நடுவில் கண் சொருகும். வெயில், வயசு, எடைமேடைத் தூசி என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்வேன். இப்போது எல்லாக் காரணமும் போய்விட்டது. வெறும் பயம்தான் மிச்சம்.

"மொதல்ல நீ டாக்டரப் பாரு. அவகிட்ட அப்புறம் சொல்லிக்கிடலாம்," என்றான் மாப்பிள்ளை.

ஆனால் தங்கச்சி அதற்குள் முந்திக்கொண்டாள். பாளையங்கோட்டையில் ஈரலுக்கென்று இருக்கும் ஒரு டாக்டரிடம் புருஷன் பெயரில் டோக்கன் போட்டுவிட்டாள். நடுவில் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் அவள் அவனிடம் நேரில் பேசவில்லை. "அண்ணே, அவங்கள சாப்பிட வரச் சொல்லு" என்று என் மூலமாகத்தான் பேசினாள். பக்கத்து வீட்டில் கேட்டவர்களிடம், குடிச்சுக் குடிச்சு ஈரல் போயிட்டு என்று அழுதாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு எழுந்தான். நான் எதிரே உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் என் நோய் உண்மையாகிவிடும் என்று பயந்தேன். ஊருக்கெல்லாம் நேர்மை சொல்லிக் கொடுத்த அண்ணன், கிளினிக்கில் பெயரை மாற்றிச் சொன்னான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்றும் பயந்தேன். எது பெரிய பயம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நாலு நாளை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

பஸ்ஸில் மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்தான். "உள்ள போனதும் நீயே சொல்லிரு, மச்சான்" என்றான். தலையாட்டினேன்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. தங்கச்சி நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தொடங்கிவிட்டாள்.

"இவங்க குடிய நிறுத்தச் சொல்லுங்க டாக்டர். நான் சொன்னா கேக்க மாட்டேங்காங்க."

டாக்டர் மாப்பிள்ளையின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். அவன் மறைக்காமல் சொன்னான். பிறகு அவர் கிளினிக் தாளைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்ப மேலே இருந்து கீழே வரை பார்த்தார்.

"இது குடிச்சுக் கெட்ட ஈரல் மாதிரி தெரியலையேம்மா," என்றார்.

தங்கச்சி விழித்தாள். டாக்டர் பேனா முனையை இரண்டு வரிகளுக்கு அடியில் வைத்துக் காட்டினார். "எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இது ரெண்டும் ஈரல் செல்லுக்கு உள்ள இருக்க வேண்டிய சரக்கு. ரத்தத்துல இவ்வளவு வந்து கிடக்குன்னா செல்லு கிழிஞ்சு வெளிய கொட்டுதுன்னு அர்த்தம். குடியால கிழிஞ்சா பெரும்பாலும் ஓ.டி.தான் மேல நிக்கும், பி.டி.யப் போல ரெண்டு மடங்கு இருக்கும். நாநூறு, ஐந்நூறுன்னு ஏறுறதும் அபூர்வம். இங்க பாருங்க, பி.டி. நாநூத்தி எண்பத்தாறு, ஓ.டி. இருநூத்தி எழுபது. தலைகீழா இருக்கு. எனக்கு வைரஸ் மேலதான் சந்தேகம்."

லாரி போன வழியில் ரோட்டில் உப்பு சிந்திக் கிடந்தால், உள்ளே எங்கோ சாக்கு கிழிந்திருக்கிறது என்று நான் தினமும் டிரைவர்களிடம் சொல்கிறேன். என் சாக்கு கிழிந்து எத்தனை காலமாயிற்றோ என்று நினைத்தேன். அப்போதும் நான் சுவரோரம் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

டாக்டர் மாப்பிள்ளையிடம் கேட்டார். "ஹெபடைடிஸ் பி பார்க்கணும். அது தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு வரும், வந்து வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும். உங்க அம்மாவுக்கு ஈரல் நோய் ஏதும் இருந்துச்சா?"

"எங்க அம்மா நல்லா இருக்காவ, டாக்டர்."

எங்கள் அம்மா நல்லா இல்லை. எங்கள் அம்மா கண் மஞ்சளாகி, வயிறு குடம் மாதிரி வீங்கி, நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது செத்துப் போனாள். ஒரு நாளும் குடிக்காத பொம்பளைக்கு எப்படி இப்படி ஒரு நோய் என்று தெருவே அதிசயப்பட்டது. காமாலை முத்திவிட்டது என்றார்கள், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். அந்த வயிறு அப்படியே என் கண் முன்னால் வந்தது.

"டாக்டர், அது என் ரத்தம்," என்றேன்.

டாக்டருக்கும் தங்கச்சிக்கும் புரியவில்லை. தங்கச்சி என் பக்கம் திரும்பி, "என்ன அண்ணே சொல்லுத?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் நாலு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். சட்டைப்பையில் இருந்த மற்ற இரண்டு தாள்களையும் எடுத்து மேஜையில் வைத்தேன்.

தங்கச்சி என் பக்கமிருந்து திரும்பினாள். புருஷனைப் பார்த்தாள்.

"நான் அத்தனை பேச்சு பேசுதேன். நீங்க ஏன் வாயத் தொறக்கல?"

"உங்க அண்ணன்தான சொல்லணும்," என்றான் அவன்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தப் பேப்பரை நம்பி இவருக்கு நான் மருந்து எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்? நீங்க பாட்டுக்கு மருந்தில்லாம வீட்டுல இருந்திருப்பீங்க. படிச்சவங்கதானே?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அந்தத் திட்டு வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் நிறுத்திவிட்டு, தாளைத் தன் பக்கம் இழுத்து, என் பெயரை எழுதிக்கொண்டே கேட்டார்.

"உங்க அம்மா?"

சொன்னேன்.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. என் நோய், என் பொய், என் மானம் என்றே இருந்துவிட்டேன். எனக்குப் பின்னால் பிறந்த ஒருத்தி பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள் என்பது மூளையில் ஏறவே இல்லை.

"நான் ஒருத்திதான் டாக்டர்," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அவளுக்கும் விளங்கியது. கை தானாகக் கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைப் பிடித்துக்கொண்டது.

மூன்று பேரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார் டாக்டர். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "ஈரல் நம்பர் சரியா இருந்தாலும் கிருமி இல்லன்னு சொல்லிர முடியாது. இன்னும் கிழிக்க ஆரம்பிக்கலைன்னுதான் அர்த்தம். ரெண்டையும் பார்க்கணும்." நான் தலையாட்டினேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

ரத்தம் எடுக்கும் அறையில் முதலில் நான், பிறகு மாப்பிள்ளை. தங்கச்சி பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோரம் சொன்னாள். எனக்கும் கேட்டது.

"என் பேருல நீங்க குடுங்களேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை, அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட. நாலு நாளாகக் குடிகாரன் என்று பேசியவனிடம், உங்கள் ரத்தத்தை எனக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினாள்.

"ஏளா, அது நடக்காது. வா, நான் பிடிச்சுக்கிடுதேன்," என்று அவளை எழுப்பிக் கூட்டிப்போய், அவள் கையைத் தன் கைமேல் வைத்து நீட்டினான். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று குழாய்களிலும் ஒட்டிய பெயர்களை நான் படித்தேன். ஒரு தடவை போதவில்லை, மூன்று தடவை படித்தேன். ரத்தம் எடுத்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மாப்பிள்ளை மெடிக்கல் எடுத்த கிளினிக்குக்குப் போய், நடந்ததை ஒப்புக்கொண்டு, அவர்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, மறுபடியும் தன் ரத்தத்தையே கொடுத்து வேறொரு கப்பல் ஏறியது பின்னால் நடந்தது. நான் தினமும் ஒரு மாத்திரை விழுங்கத் தொடங்கியதும் பின்னால்தான். முடிவு வந்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் குசினியில் நின்றுகொண்டிருந்தோம். என் போனுக்குத்தான் அனுப்பினார்கள். என்னுடையதில் ரியாக்டிவ் என்று இருந்தது, கிருமி இருக்கிறது என்று அர்த்தம். அது தெரிந்ததுதான். மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மூன்றாவதாக அவளுடையதைத் திறந்தேன். கண் நேராக எனக்குத் தெரிந்த வரிக்குத்தான் போயிற்று. எஸ்.ஜி.பி.டி. இருபத்து நாலு.

"ஏளா, ஒனக்கு ஒண்ணுமில்ல! இருபத்து நாலு, இருபத்து நாலுதான்!" என்று கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்பு மேடையில் சாய்ந்தாள். மாப்பிள்ளை அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

அப்புறம்தான் விரலால் பக்கத்தைத் தள்ளினேன். அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரி. என்னுடையதில் இருந்த அதே வார்த்தை. ரியாக்டிவ்.

ஒன்றுமில்லை என்று சொன்ன என் வாய் இன்னும் மூடவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். போனை வாங்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பினாள். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, பேரு சரியா இருக்கான்னு பாரு."

பார்த்தேன். அவள் பெயர்தான் இருந்தது.